தண்டனை தீர்ந்த பின்பும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடந்துவரும் இந்த மருத்துவமனைக்குக் கோடையில் வருகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருகிறவர்கள், சுமக்கிறவர்கள். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு, பிறகு ஆறாத புண். சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால் விரலையே எடுக்கவேண்டிய நிலை. அப்படி வந்த ஒரு சகோதரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அவர் இலங்கைத் தமிழர். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி போகிற வழியில், கீழ்ப்புத்துப்பட்டில் ஒரு முகாம் இருக்கிறதல்லவா? அதுபோல் தமிழ்நாட்டில் 100-க்கு மேல் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக, 2021-இல் அவற்றில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். இச்சகோதரி எந்த முகாம் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.

பத்து நாள் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. நான்காம் நாள் காலையில் கட்டில் காலி. வார்டு பதிவேட்டில், "சொல்லாமல் ஓடிப்போனார்" என்று எழுதினோம். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பாதம் முழுவதும் வீங்கியிருந்தது. தர்ம சிகிச்சையின் அருமை தெரியவில்லையே என்று நாங்களும் கடிந்துகொண்டோம். ஆறுதல் சொல்லவேண்டிய வாய் இது! அவர் அழவில்லை. "செக்கிங் நாள், ஐயா. நான் நிக்காட்டில் பேரை வெட்டிப்போடுவினம்" என்றார். பெயர் வெட்டப்பட்டால் உதவித்தொகையும் அரிசியும் நின்றுவிடும் என்ற பயம். மறுநாள் அதே காலோடு பஸ் ஏறிக் கணவரைப் பார்க்கப் போயிருக்கிறார். கணவர் இருப்பது ஒரு சிறப்பு முகாமில்.

"சிறப்பு முகாம்" என்றால் கூடுதல் வசதியுள்ள இடம் என்று நம் சபையார் ஒருவர் நினைத்திருந்தார். பெயர் அப்படி! வேலூர்க் கோட்டையிலும் செங்கல்பட்டிலும் முன்பு இருந்தன. திருச்சியில் உள்ளது மத்தியச் சிறை வளாகத்துக்குள்ளேயே. ஓர் அயல்நாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்கவேண்டும் என்று அரசு உத்தரவிட 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம் இடங்கொடுத்தது. அதைக் கொண்டு ஏற்பட்ட காவல் இது. நீதிபதி விதிக்கிற தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. இந்த உத்தரவுக்கு இல்லை. ஜாமீன் கிடைத்தவரும் சிறை வாசலிலிருந்து நேரே இங்கே வரலாம். 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆனால் ஓரிடத்தில் தங்கவைக்கும் அதிகாரம் போய்விடவில்லை.

அவருடைய கணவர் ஆஸ்திரேலியாவுக்குப் படகேற முயன்றவர். நம் கரைக்கு இது புதிதல்ல. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேருடன் போன படகை ஆஸ்திரேலியா கடலில் மறித்து, அவர்களை ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலிலேயே அடைத்துவைத்தது. அவர்களில் சுமார் 50 பேர் குழந்தைகள். பிறகு நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். கடலில் அடைத்தது சட்டப்படி சரி என்று 2015 ஜனவரியில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் நால்வர் சொன்னார்கள், மூவர் சொல்லவில்லை.

குற்றவாளிக்குப் பரிந்து பேசலாமா என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். 21-5-1991 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர்களின் குடும்பத்தாரை நினையாமல் நாங்கள் பேசவில்லை. அவ்வழக்கில் 31 ஆண்டுகள் சிறையிலிருந்த சாந்தனை 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலையானவர் போய்ச் சேர்ந்த இடம் திருச்சி சிறப்பு முகாம். யாழ்ப்பாணத்திலிருந்த வயதான தாயைப் பார்க்கவேண்டும் என்று மனுக்கள் போட்டார். போகலாம் என்ற அனுமதி வந்தபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். தாய்க்குக் கிடைத்தது சடலம். தண்டனையைப் பற்றி நம்மில் பல அபிப்பிராயம் இருக்கட்டும். தண்டனை தீர்ந்த பிறகு கழிந்த அந்தப் பதினைந்து மாதங்கள் எந்தக் குற்றத்துக்கு? அந்தப் பெரியவரிடம் நாங்கள் கேட்டதும் அதுதான். அவரும் யோசித்துச் சொல்வதாகப் போனார்.

அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரியில் இரண்டு வருஷம் காவலில் இருந்தார். இருந்தது வாடகை வீடு. பார்க்க வருகிறவர்களுக்குத் தடையில்லை. ராயனின் ஆட்சியில் அவ்வளவாவது இருந்தது.

நம் சகோதரிக்கு இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அடுத்த செக்கிங் நாளுக்கு, அவர் எங்கள் வார்டில் இருக்கிறார் என்று டாக்டரம்மா கையெழுத்திட்ட கடிதத்தை முகாமுக்குக் கொண்டுபோனோம். வருவாய் ஆய்வாளர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். இவ்வளவு சுலபமான காரியத்தை முதல் தடவையே செய்திருக்கலாம்.

பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "செக்கிங்குக்குச் சென்றார்" என்று எழுதியிருக்கிறோம். ஏழை நோயாளர் நிதிக் கணக்கில் இனி மாதம் ஒரு முறை "பஸ் கட்டணம், இருவர்" என்று ஒரு வரி வரும். ஒருவர் அந்தச் சகோதரி. கால் ஊன்ற முடியாததால் துணைக்குப் போகிற எங்கள் நர்ஸ் மற்றவர்.