சர்பத் பாட்டிலில் சர்க்கரை ஏன் கட்டுது?



நன்னாரி சர்பத் போடுற குழுக்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாட்டில் அடியில கல்கண்டு மாதிரி சர்க்கரை கட்டிடும். "பழைய சரக்கு" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். அந்த நட்டம் நம்ம கடன் தவணையில வந்து விழும். ஆனால் சரக்கு கெட்டுப்போகவில்லை; இது சூட்டின் கணக்கு.

சர்க்கரை கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சூடு ஏற ஏற அதிகம் கரையும். 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைத் தாங்கும். கொதிநிலையில் சுமார் 480 கிராம். அடுப்பில் தெளிவா இருக்கிற கெட்டிப் பாகு, ஆறினதும் மிச்சச் சர்க்கரையைப் படிகமா வெளியே தள்ளிடும். பாட்டில் வாயில் ஒட்டின ஒரு துகள் போதும், அதைப் பிடிச்சு வளரும்.

அதுக்காக சர்க்கரையைக் குறைச்சா, பாகு நீர்த்துப் புளிச்சுப் போகும். ஆகவே 1 கிலோ சர்க்கரை போட்டால், நன்னாரித் தண்ணீரையும் சேர்த்து, இறக்கும்போது பாகு ஒன்றரை கிலோ நிற்கணும். குறைஞ்சா வெந்நீர் சேருங்க. காய்ச்சும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்க. அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரிச்சிடும். கலப்பு இருந்தால் படிகம் எளிதில் கட்டாது.

கைக்கணக்கை நம்பாமல், குழுவுக்கு ஒரு தராசு வாங்குங்க சகோதரிகளே. ஒரு பெட்டி சரக்கு திரும்பாமல் இருந்தாலே அந்தக் காசு வந்திடும்.