மயிலாப்பூரைக் கேட்டு வந்தவர்கள்

(மயிலாப்பூரில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



சீன தேசத்தில் டியன்ட்சின் என்றொரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1860-ம் வருஷம் முதல் இங்கிலீஷ்காரன், பிரஞ்சுக்காரன், அமெரிக்கன் என்று ஆரம்பித்து, பின்னர் ஜெர்மானியன், ஜப்பானியன், ருஷியன், இத்தாலியன், பெல்ஜியன், ஆஸ்திரியன் வரையில் ஆளுக்கொரு துண்டு நிலத்தை அங்கே வாங்கிக் கொண்டார்கள். அந்தத் துண்டுக்குள் வரியும் அவனுடையதாக இருந்தது, போலீஸும் அவனுடையதாக இருந்தது. குற்றம் செய்த வெள்ளைக்காரனை அந்நாளில் சீனாக்காரன் கோர்ட்டில் நிறுத்த முடியவில்லை. இதற்கெல்லாம் வாசல் திறந்துவிட்ட அபினி யுத்தத்தில், அதாவது 1842-ல் முடிந்த யுத்தத்தில், நமது மதராஸ் சிப்பாய்களும் கப்பலேறிப் போய்ச் சண்டை போட்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதைக் கேட்டுச் சீனாக்காரனுக்காகப் பரிதாபப்படுகிறோம். அதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மயிலாப்பூரே அப்படிக் கைமாறிய ஊர்தான்.

போர்த்துக்கீசியர் இந்தக் கடற்கரைக்கு வந்து 1523-ல் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்த எலும்பு தோமையாருடையது என்றார்கள். எலும்பின்மேல் கோயில், கோயிலைச் சுற்றி வீடு, வீட்டைச் சுற்றி மதில் என்று சாந்தோம் வளர்ந்தது. எலும்பே பட்டாவாகிவிட்டது! பறங்கியைச் சொல்லிச் சிரிக்கவேண்டாம். கனவில் சாமி வந்தது என்று சொல்லிப் புறம்போக்கை வளைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் பறங்கியர் காலத்தில் அழிந்தது என்றும், குளத்தருகே இருப்பது பின்னால் எழும்பியது என்றும் சரித்திரக்காரர் சொல்லுகிறார்கள். அந்தச் சாமிக்குத் தன் சொந்த மனையையே காத்துக்கொள்ள முடியவில்லை.

1662-ல் கோல்கொண்டா சுல்தான் சாந்தோமைப் பிடித்தார். 1672-ல் பிரஞ்சுக்காரன். 1674-ல் டச்சுக்காரன் துணையோடு மறுபடியும் கோல்கொண்டா. 1749-ல் இங்கிலீஷ்காரன். இத்தனை கைமாற்றத்திலும் குடியிருந்தவனை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா?

சரி, சென்னைப்பட்டணம் எப்படிப் போயிற்று? வாளால் அல்ல, ஒரு கவுல் பத்திரத்தால்! 1639-ல் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவனுக்குத் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் இடம் கொடுத்தார். பிரதியாக அவர் எதிர்பார்த்ததைக் கேளுங்கள்: சுங்க வருமானத்தில் பங்கு, பாரசீகக் குதிரை, பக்கத்துப் பாளையக்காரர்களிடமிருந்து தப்ப ஒரு கோட்டை. அதோடு வங்காளத்துப் பக்கம் ஆளனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிக்கொள்ள வசதி! குதிரையையாவது மன்னித்து விடலாம். குரங்குக்கும் கிளிக்கும் சேர்த்தா ஒரு பட்டணம்?

பிறகு 1746-ல் பிரஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அது தனக்குச் சேரவேண்டியது என்று ஆர்க்காட்டு நவாப், மகன் மாபூஸ்கானைச் சுமார் 10,000 பேருடன் அனுப்பினார். அதோ அந்த அடையாற்றங்கரையில் எதிர்த்து வந்தவர்கள் சுமார் 1,000 பேர்தான்; அவர்களிலும் பெரும்பாலோர் பழக்கி எடுக்கப்பட்ட நம் நாட்டுச் சிப்பாய்களே. நவாப் படை சிதறி ஓடிற்று. பத்தாயிரம் பேரை ஓடவைத்தது கிரகபலன் அல்ல. வரிசை கலையாமல் சுடக் கற்றுக்கொடுத்த பயிற்சி. இரண்டு வருஷம் கழித்து, 1748-ல், ஐரோப்பாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வட அமெரிக்காவில் உள்ள லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரஞ்சுக்காரனுக்குத் திருப்பிக் கொடுத்து, சென்னையை இங்கிலீஷ்காரன் வாங்கிக் கொண்டான். சந்தையில் மாட்டுக்கு மாடு மாற்றுகிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்!

நம்மை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஊரை வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று பிரித்தது, அக்கிரமம்தான். ஆனால் 1707-ல் கறுப்பர் பட்டணத்துக்குள் என்ன நடந்தது? எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போவது என்று வலங்கையாரும் இடங்கையாரும் மோதிக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்லக் கவர்னர் பிட் துரை வேண்டியிருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று துரை பங்கு போட்டுக் கொடுத்தார். ஊரையே அன்னியன் வைத்திருக்கிறான். அதற்குள் இவர்களுக்குத் தனித்தனித் தெரு வேண்டுமாம்!

அந்தத் தகராறில் வலங்கையார் பலர் கோபித்துக்கொண்டு பட்டணத்தை விட்டே வெளியேறினார்கள். எங்கே வந்தார்கள் தெரியுமா? இதே சாந்தோமுக்கு. கோட்டையில் இருந்த வெள்ளைக்காரனை எதிர்த்து வரவில்லை, தோழர்களே; அடுத்த தெருக்காரன் நம் தெருவில் மேளம் அடித்துவிடப் போகிறானே என்றுதான் மூட்டை கட்டினார்கள்.

நேரமாகிவிட்டது. கேள்வி உள்ள தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள்; தெரிந்த வரையில் பதில் சொல்லுகிறேன்.