தூங்குறான்னு நினைச்சேன்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் முன்னாடி நிக்கிறது இதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

என் சின்ன மகனுக்கு எட்டு மாசத்தில் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் சிரப் வாங்கி ஊத்தினேன். இரண்டாம் நாள் பால் குடிக்கவில்லை. தூக்கினாலே வீல்னு கத்தினான். மூணாம் நாள் அழுகை நின்னுடுச்சு. அப்பாடா, தூங்குறான்னு நான் சோறு வடிக்கப் போயிட்டேன். அது தூக்கம் இல்லை, மயக்கம். சாயங்காலம் எண்ணெய் வைக்கத் தலையைத் தொட்டால், உச்சிக்குழி மேடா வீங்கியிருக்கு. கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. கையில் சாவியைக் கொடுத்தாங்க, வேப்பிலை அடிக்கலாம்னாங்க. எங்க குழு அக்காதான் 108-க்குப் போன் போட்டு, 2,000 ரூபாயையும் என் கையில் திணிச்சாங்க.

பெரியாஸ்பத்திரியில், மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வில் கிருமி தாக்கியிருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்கணும்னார் டாக்டர். மாமியார் கையெழுத்துப் போடாதேன்னாங்க. முதுகில் ஊசி குத்தினா கால் விளங்காதுன்னு ஊரே சொல்லுதே! அரைமணி நேரம் அழுதுகிட்டே நின்னேன். ஒரு நர்சம்மா தன் முதுகைத் தொட்டுக் காட்டி, தண்டுவடம் முடியிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். நிமோகாக்கஸ் கிருமின்னு வந்தது. காதுவலி, நிமோனியா கொடுக்கிற அதே கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகுமாம். 14 நாள் நரம்பு வழியா மருந்து ஏறிச்சு.

இதுக்குத் தடுப்பூசி இருக்கு. 2021-லிருந்து நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒன்பதாம் மாசம். முதல் ஊசிக்குக் காய்ச்சல் அடிச்சதுன்னு அடுத்ததை நான் விட்டுட்டேன். போட்டிருந்தா வந்திருக்காதான்னு டாக்டரைக் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரலை.

உயிர் தப்பிச்சுது. ஆனா தீபாவளிக்குப் பக்கத்திலேயே வெடி வெடிச்சும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நோய் வந்த பிள்ளைக்கு உடனே காது சோதனை செய்யணும். நாளானா உள்காதில் எலும்பு வளர்ந்து, கருவி வைக்கிறதே கஷ்டமாயிடும். எங்க டிஸ்சார்ஜ் சீட்டில் அது இங்கிலீஷில் எழுதியிருந்தது. யாரும் படிச்சுச் சொல்லவில்லை. நல்லவேளை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செஞ்சு கருவி வச்சாங்க.

இப்ப நாலு வயசு. அம்மான்னு கூப்பிடவே அதுக்கப்புறம் ஒரு வருஷப் பயிற்சி ஆச்சு. இன்னிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தா, முகத்துக்கு நேரா நின்னு பேசுங்க. பதில் சொல்லுவான்.