அறப்பணியில் முதலாண்டு

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் உதவியால் பயின்ற இளைஞர் சிலர், திருச்சபைகள் நடத்தும் சமூகநீதிப் பணியகங்களில் வேலை ஏற்றிருக்கின்றனர். அரசுப்பணி கிட்டாதோர் செல்லும் இடம் அது என்று நம்மவரே சிலர் கூறுவதுண்டு. முப்பதாண்டாக அரசு ஊதியம் பெற்றுவரும் நாம் அக்கூற்றை ஏற்பதற்கில்லை. ஆயினும் அப்பணியில் நிலைபெறுதல் எளிதன்று.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர், பணியேற்ற முதல் மாதத்திலேயே ஒரு குடியிருப்புக்குச் சென்றார். அங்குள்ளோரின் பஞ்சமி நிலம் பிறர் கையில் இருப்பதைக் கேட்டு மனங்கொதித்து, மூன்றே மாதத்தில் மீட்டுத் தருவதாக வாக்களித்தார். மாலைப் பேருந்தில் நகருக்குத் திரும்பியும் விட்டார். மறுநாள் நடவுக்குச் சென்ற பெண்களை நிலக்காரர் வரப்பிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை அவர் சென்றபோது ஒரு மூதாட்டி, “தம்பி, ராத்திரி இங்கே தங்குவீங்களா?” என்று மட்டும் கேட்டாராம். இதை நம்மிடம் சொல்லும்போது அவர் கண்கலங்கினார். வேலையை விட்டுவிடவும் எண்ணியிருந்தார்.

அவருக்குப் பழைய செய்தியொன்றைக் கூறினோம். செங்கற்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார் நம் முன்னோரின் நிலமற்ற நிலையை அரசுக்கு எடுத்துரைத்து வந்தனர். அம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை பிறந்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது. பின்னரும் நம் மக்களுக்கன்றிப் பிறர்க்குக் கொடுக்கலாகாது. தம்பி மனங்கொதித்த நிலமே இத்தகைய பணியாலும் கிடைத்ததுதான்! ஆகவே முதலில் ‘அ’ பதிவேட்டின் நகலையும் வில்லங்கச் சான்றையும் பெறுக என்றோம். பதிவேட்டின் நகலுக்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்.

கோபம் தவறென்று நாம் கூறவில்லை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் மாண்டனர். உயிரே விலையாகக்கூடிய காரியத்தில், ஊரார் கூடி முடிவெடுக்குமுன் வெளியிலிருந்து செல்பவர் வாக்களித்தல் தகாது.

பணியகத்துக்குள்ளும் இடர்கள் உண்டு. காலை ஜெபத்தில் என்ன செய்வதென்று வேற்றுச் சமயத்து இளைஞர் ஒருவர் கேட்டார். மரியாதையோடு நின்றால் போதும். அது சிறு காரியம். திருச்சபையில் சாதி இராது என்று நம்பிச் சென்றவர், கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவரைக் கண்டு திகைப்பதுதான் பெரிது. அதைக் கண்டும் வாளாவிருப்பவர் ஊரில் நீதி பேசுவது எங்ஙனம்? மேலும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களையே பட்டியல் சாதியினராகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான நம் உறவினர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில் ஒரே அடி வாங்கிய இரு வீட்டாரில், ஒருவருக்கே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைநிற்கும். மற்றவருக்கு இதை விளக்கும் பொறுப்பும் புதிதாய்ச் சென்ற பணியாளரையே சாரும்.

அவ்விளைஞர் வேலையை விடவில்லை. அம்மழைக்காலத்தில் பல இரவுகள் அக்குடியிருப்பிலேயே தங்கினார். பதிவேட்டு நகல் கிடைத்தது, வழக்கு நடைபெறுகிறது. இவ்விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தோம். இன்று அங்கே ஊர்க்கூட்டம் இருப்பதால் வர இயலவில்லை என்று சொல்லியனுப்பினார்.