சாரணர் என்னும் சொல்லும் சாரணர் வளர்ச்சியும்



இலக்கிய வட்டத்தில் சாரணர்க்கு என்ன இடம் என்று வினவுவோர் சிலப்பதிகாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். புகார் நகரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக் கரைவழியே நடந்து திருவரங்கம் அடையும் பொழுது, நாடுகாண் காதையில் சாரணர் தோன்றுகின்றனர். அவர்கள் சமண முனிவர். ஓரிடத்தில் தங்காது எங்கும் இயங்குபவர். விதைத்த வினை விளைந்தே தீரும் என்று அவர்கள் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கின்றனர். சாரணர் என்னும் சொல்லுக்கு ஒற்றர் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. இருவர்க்கும் பொதுவானது இயக்கம். 'ஸ்கௌட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறோ வேறு. அது பழைய பிரெஞ்சு மொழியில் 'செவிமடுத்தல்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. தமிழ்ச்சொல் நடத்தலைச் சுட்டுகிறது. ஆங்கிலச்சொல் கேட்டலைச் சுட்டுகிறது. நடந்துகொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டால், அவ்வியக்கத்தின் பாடத்திட்டம் ஏறத்தாழ விளங்கிவிடும்.

அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த இராபர்ட் பேடன் பவல் 1857இல் பிறந்தவர், படைவீரர். தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டபோது, அதனைக் காத்து நின்ற படைக்கு அவரே தலைவர். போரிடத்தக்க ஆடவர் குறைவாயிருந்தமையால், செய்தி கொண்டுசெல்லவும் காவல் பார்க்கவும் சிறுவரணி ஒன்று அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் பேடன் பவலின் கீழிருந்த எட்வர்ட் செசில் பிரபு. அணியின் தலைவன் வார்னர் குட்இயர் என்னும் 13 வயதுச் சிறுவன். முதலில் கழுதைகளில் ஏறிச்சென்ற அச்சிறுவர், கழுதைகள் நகரத்தார்க்கு உணவாகிவிட்ட பிறகு மிதிவண்டிகளில் சென்றனர். குண்டுகளுக்கு நடுவே செல்கிறாயே, அடிபட்டுவிடுவாயே என்று எச்சரித்தபோது, தன் வண்டியின் வேகத்துக்குக் குண்டால் ஈடுகொடுக்க இயலாது என்ற பொருள்பட ஒரு சிறுவன் விடையிறுத்ததாகப் பேடன் பவல் பின்னர் எழுதினார்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் வீரக்கதையாகவே சொல்லி முடிப்பது வழக்கம். அதே முற்றுகையில் ஆப்பிரிக்க மக்களுக்குக் கிடைத்த உணவுப் பங்கீடு வெள்ளையர் பெற்றதனினும் மிகக் குறைந்திருந்தது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் வினவ வேண்டியதும் ஒருங்கே இருக்கலாம்.

அந்தப் படைவீரர் அங்கே கண்டுகொண்டது ஒன்று. சிறுவனிடம் பொறுப்பை முழுமையாக ஒப்படைத்துவிட்டு, பின்னால் நின்று கண்காணிக்காமல் இருந்தால், அவன் அப்பொறுப்பின் அளவுக்கு உயர்கிறான். பண்பு வந்த பிறகு நம்பலாம் என்று பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் பண்பே தலைகாட்டுகிறது. அவர் அமைத்த முறை முழுவதும் இதன் விரிவுரை என்றே கொள்ளலாம்.

1907 ஆகஸ்டு மாதம், தென் இங்கிலாந்தில் பூல் துறைமுகத்தை அடுத்த பிரவுன்சி தீவில் ஏறத்தாழ 20 சிறுவரோடு அவர் முகாமிட்டார். ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளில் பயின்றோரும், உழைக்கும் குடும்பத்துச் சிறுவரும் அங்கே ஒன்றாகத் தங்கினர். வகுப்பு வேற்றுமை ஆழ வேரூன்றியிருந்த அந்நாட்டில் அது எளிய செயலன்று. ஓநாய், காளை, அண்டங்காக்கை, நீர்ப்பறவை ஒன்று எனப் பெயர் சூட்டப்பெற்ற 4 அணிகளில் அவர்கள் கலந்து அமர்த்தப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். தன் அணியின் நடத்தைக்கு அவனே பொறுப்பு. இரவுதோறும் ஓரணி தனியே சென்று, தானே சமைத்து உண்டு, காவலிருந்தது. மறு ஆண்டு, 1908இல், அவருடைய 'சிறுவர்க்கான சாரணியம்' இரு வாரத்துக்கொரு பகுதியாக 6 பகுதிகளில் வெளிவந்தது. அதனை வாங்கிப் படித்த சிறுவர் பலர், எவருடைய ஆணைக்கும் காத்திராது தாமே அணி சேர்ந்துகொண்டு, பிறகு தம்மை வழிநடத்த ஒரு பெரியவரைத் தேடிச் சென்றனர். ஆசிரியர் மாணவரைத் தேடுவதே உலக வழக்கம். இங்கே அது தலைகீழாயிற்று.

சாரணியர் இங்கே செவிசாய்க்க வேண்டும். 1909 செப்டம்பரில் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடைபெற்ற சாரணர் பேரணியில் அழைப்பில்லாமலே சிறுமியர் சிலர் வந்து நின்றனர். தாங்களும் சாரணரே என்றனர். அவர்களுக்கென ஓர் அமைப்பு 1910இல் உருவாயிற்று. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குப் பொறுப்பேற்றார். அச்சிறுமியர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், இம்மன்றத்தின் முன்வரிசையில் பாதி வெறுமையாக இருந்திருக்கலாம்.

நம்பிக்கை மறுக்கப்பட்ட வரலாறும் இதில் உண்டு. இந்தியாவில் 1909இல் பெங்களூரில் சாரணர் அணி தொடங்கியபோது அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. எல்லாச் சாரணரும் உடன்பிறப்புகள் என்ற விதியைத் தலைமேற்கொண்ட இயக்கம், இந்நாட்டுச் சிறுவனைக் கண்டு அஞ்சியது. துப்பறியவும் அணிவகுக்கவும் கற்றால் இவன் நாளை அரசை எதிர்ப்பான் என்று ஆட்சியாளர் கருதினர். நம்பிக்கையே அடித்தளமான ஓர் அமைப்பு ஐயத்தால் கதவடைத்த முரண்பாடு இது. கதவு தட்டப்படும்வரை காத்திராதவர்கள் இருந்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். தலைப்பாகையும் இந்தியப் பாடலும் அதில் இடம்பெற்றன. வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. பிளவுகள் பல கடந்து, 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் அமைப்பு ஒன்றுபட்டு உருவாயிற்று. மறு ஆண்டு சாரணியரும் அதனோடு சேர்ந்தனர். இன்று சீருடை அணியும் மாணவன் எவனும் அதனை எளிதாகக் கிடைத்த துணி என்று எண்ணலாகாது.

கவிஞர்களுக்கு உரிய செய்தி ஒன்று இடையே நிற்கிறது. சாரணர் பயிலும் ஆட்டங்களுள் 'கிம்' ஆட்டம் ஒன்று. கிப்ளிங்கின் 'கிம்' என்னும் புதினத்திலிருந்து எடுத்துக்கொண்டது. தட்டு ஒன்றில் பொத்தான், ஊசி, நாணயம், கூழாங்கல் என இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பரப்பி வைப்பர். ஒரு நிமிடம் பார்க்கலாம்; பிறகு துணியால் மூடிவிடுவர்; கண்டவற்றை நினைவிலிருந்து எழுதவேண்டும். முதல்நாள் பத்துக்கு மேல் எழுதவியலாத சிறுவன், நாள்தோறும் பழகினால் பொருள்களை மட்டுமின்றி நாணயத்தின் தேய்வையும் பொத்தானின் உடைந்த விளிம்பையும் சொல்லத் தொடங்குகிறான். தொல்காப்பியர் செய்யுளுக்கு உரைத்த 34 உறுப்புகளுள் நோக்கு என்பதும் ஒன்று. அது படிப்போரை மீண்டும் மீண்டும் நோக்கவைக்கும் ஆற்றல் என்பர் உரையாசிரியர். தான் நோக்காத கவிஞன் பிறரை எங்ஙனம் நோக்கவைப்பான்? கவியரங்குகளில் நிலவையும் தென்றலையுமே மாறிமாறிக் கேட்டுச் சலித்தவர்கள், அத்தட்டையும் துணியையும் வட்டத்தின் மாதக் கூட்டத்துக்குப் பரிந்துரைத்தால் தவறில்லை.

நாளுக்கொரு நற்செயல் என்பது மற்றொரு பழக்கம். கழுத்துக்குட்டையில் ஒரு முடிச்சு. நற்செயலை முடித்த பின்னரே அதனை அவிழ்க்கலாம். இதனை நகைப்போர் உண்டு. முதியவரைச் சாலை கடத்திவிடுவது அறமாகுமா என்பர். முடிச்சின் நுட்பம் வேறு. மாலைவரை அது அவிழாதிருந்தால் அதனை முதலில் காண்பவன் அணிந்தவனே. செயல் சிறிதாயிருத்தலும் திட்டமிட்டதே. பெரிய செயலுக்கு வாய்ப்பு வாழ்வில் ஓரிருமுறை வரும்; சிறியதற்கு நாள்தோறும் வரும்.

பெரிய செயல்களின் கதைகளைச் சொல்வதில் எச்சரிக்கை தேவை. ஜாக் கார்ன்வெல் என்னும் சாரணன் 1916 ஜட்லண்டு கடற்போரில், தன் பீரங்கியருகே மற்றவர் வீழ்ந்தபின்னும், படுகாயத்தோடு தன் இடம்விட்டு நகராது நின்று பின் இறந்தான். அவனுக்கு வயது 16. அவன் பெயரால் சாரணர் விருது ஒன்றும் உண்டு. அவன் உறுதி போற்றற்குரியதே. ஆயினும், 16 வயதுப் பிள்ளையைப் போர்க்கப்பலில் நிறுத்திய பெரியவர்களின் பொறுப்பைப் பேசாமல், அவன் மரணத்தை மட்டும் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவது நேர்மையாகாது.

அதனினும் சொல்லத்தக்கது இரு சாரணர் சென்ற கடற்பயணம். 1921இல் எர்னஸ்ட் ஷேக்கில்டன் தென்துருவக் கடலுக்கு 'குவெஸ்ட்' என்னும் சிறு கப்பலில் புறப்பட்டபோது, சாரணரையும் உடனழைத்துச் செல்வதாக அறிவித்தார். ஏறத்தாழ 1700 பேர் விண்ணப்பித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருவர்: அபர்டீனைச் சேர்ந்த ஜேம்ஸ் மார், ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்த நார்மன் மூனி. குவெஸ்ட் அலைகளில் கடுமையாக உருளும் கப்பல். கடல்நோயால் மூனியின் உடல் குலைந்தது. மதேரா தீவிலிருந்து அவன் வீடு திரும்பினான். மார் தொடர்ந்தான். அடுப்படியில் எடுபிடி வேலை பார்த்தான். கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளினான். 1922 சனவரி 5ஆம் நாள் தென் ஜார்ஜியாவில் ஷேக்கில்டன் மாரடைப்பால் இறந்தார். தன்னைத் தேர்ந்தெடுத்த தலைவர் மறைந்த பின்னும் அவ்விளைஞன் பயணத்தை முடித்தே ஊர் திரும்பினான்.

மேடையில் இக்கதையைச் சொல்வோர் மூனியை மதேராவிலேயே விட்டுவிடுவர். அது பிழை. 1700 பேருள் இருவரில் ஒருவனாக வந்தவன் உள்ளத்தில் உறுதியற்றவன் அல்லன். கடல்நோய் ஒழுக்கக்கேடு அன்று. செய்தித்தாள்கள் பெயர் வெளியிட்டு, ஊரார் வாழ்த்தி வழியனுப்பிய பிறகு, தன்னால் இயலவில்லை என்று கரையிறங்க அவனுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை, தேர்வில் தவறி வீட்டுவாயிலில் தயங்கி நின்ற மாணவர் எவரும் உணர்வர். உடல் வகுத்த எல்லையை ஒப்புக்கொண்ட பிள்ளையை அவமதிக்கும் குழு அடுத்த முறை உண்மையைக் கேட்க வாய்ப்பில்லை. நோயுற்ற பிள்ளை அதனை மறைத்துக்கொண்டே மலையேறும். முகாமுக்கு அழைத்துச்செல்லும் சாரண ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

மார் விலங்கியலில் தேர்ந்து மீண்டும் மீண்டும் தென்கடல் சென்றார். இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், அண்டார்க்டிகாவின் லாக்ராய் துறையில் பிரித்தானியத் தளம் ஒன்றை நிறுவிய குழுவுக்கு அவரே தலைவர். எனினும் அவர் வாழ்நாளின் பெரும்பணி தலைமையில் அமையவில்லை. திமிங்கிலங்கள் உண்ணும் கிரில் என்னும் விரல்நீளச் சிற்றுயிரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் பரவலையும் விரித்து ஒரு பெருநூல் எழுதினார். அது 1962இல் வெளிவந்தது. நிலக்கரி அள்ளிய நாளுக்கும் அந்நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள்.