வாளைத் தேர்ந்த மூத்த மகன்



போர்க்களத்தைப் பாடாத மொழி இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால், ஓர் இளைஞன் படைச் சேவையைத் தன் ஆயுட்காலத் தொழிலாக வரித்துக்கொள்ளும் வேளையை நிதானமாகச் சொல்லும் இலக்கியத்தை நான் அதிகம் கண்டதில்லை. அப்படியான ஒரு பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் 'டொன் குயிக்ஸோட்' நாவலின் முதற்பாகம் 1605இல் வெளிவந்தது. காற்றாலைகளை அரக்கர்கள் என்று நம்பிப் போருக்குப் போன கிறுக்கு மனிதரின் கதையாகவே அதனை நம்மிற் பலர் அறிவோம். அந்த நாவலின் இடையில், அல்ஜியர்ஸிலே சிறையிருந்து மீண்ட கப்டன் ஒருவன் வருகிறான். வழியிலுள்ள சத்திரம் ஒன்றில் தங்கி, அங்குள்ளோருக்குத் தன் கதையைச் சொல்கிறான்.

அவனுடைய தந்தையும் இளமையிற் போர்வீரர். படையிலே பழகிய தாராள குணம் அவரை விட்டுப் போகவில்லை. இருப்பதையெல்லாம் தாமே செலவழித்து விடுவோம் என்று அஞ்சிய அவர், சொத்தை நான்காகப் பிரிக்கிறார். ஒரு பங்கு தமக்கு. மற்றவை மூன்று புதல்வர்களுக்கு. ஒருவன் கல்வியையும், ஒருவன் வாணிபத்தையும், ஒருவன் மன்னரின் படையையும் நாடவேண்டும் என்பது அவரது விருப்பம். மூத்தவன் படையைத் தேர்கிறான்.

இந்த இடத்தில் முரசொலி இல்லை, வீரவசனமும் இல்லை. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கே இருக்கிறது. தன் பங்காகக் கிடைத்த 3000 டுக்கட்டில் 2000ஐ அவன் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். எஞ்சியது ஒரு போர்வீரனுக்குப் போதும் என்பது அவன் எண்ணம். அதைக் கண்ட தம்பியர் இருவரும் ஆளுக்கு ஆயிரம் கொடுக்கிறார்கள். கண்ணீரோடு பிரிகிறார்கள்.

லெப்பாந்தோ கடற்போரில் அவன் கப்டனாக நிற்கிறான். பகைவரின் கப்பலிலே பாய்ந்தவன், தனித்து அகப்பட்டுக் கைதியாகிறான். ஊர் வெற்றி கொண்டாடிய நாளில் அவன் காலில் விலங்கு. வீட்டை விட்டுப் புறப்பட்டு 22 ஆண்டுகளின் பின் நாடு திரும்பும்போது கையிலே காசில்லை. அதே சத்திரத்துக்கு அவனுடைய தம்பியும் வந்து சேர்கிறான். கல்வியைத் தேர்ந்த அத்தம்பி மெக்ஸிக்கோவுக்கு நீதிபதியாகப் போகிறான். வாணிபத்தை நாடியவனோ பெருவிலே செல்வந்தன். இந்தக் கோலத்திலே தம்பி முன் போனால் அவன் வெட்கப்படுவானோ என்று அந்தக் கப்டன் தயங்குகிறானே, அந்தத் தயக்கம் என்னை வெகுவாகப் பாதித்தது. தம்பி அவனைக் கட்டித் தழுவிக்கொள்கிறான் என்பது வேறு விடயம்.

செர்வாண்டிஸ் இதை வெறுங் கற்பனையில் எழுதவில்லை. 1571 ஒக்டோபர் 7இல் லெப்பாந்தோவில் காய்ச்சலோடு போரிட்டவர் அவர். மார்பிலே குண்டு பாய்ந்தது, இடக்கை செயலிழந்தது. அதன் பின்னரும் படையிலேயே தொடர்ந்தார். 1575இல் ஊர் திரும்பும் வழியிற் பிடிபட்டு, ஐந்து ஆண்டுகள் அல்ஜியர்ஸிலே கைதியாயிருந்தார். அவரிடமிருந்த பெரியோரின் சிபாரிசுக் கடிதங்களே வினையாயின. பெரிய இடத்து மனிதர் என்று கருதி மீட்புப் பணத்தை உயர்த்திவிட்டார்கள். 1590இல், தமது சேவையை எடுத்துக்காட்டி அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு பதவி கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை.

ஆயினும் தமது தேர்வை அவர் பழிக்கவில்லை. வாளா, ஏடா என்ற வாதத்திலே டொன் குயிக்ஸோட் வாளின் பக்கமே பேசுகிறார். பேசும்போதே, காலந்தவறி வரும் அற்பச் சம்பளத்தையும், போர்வீரன் வெறுந்தரையிற் படுப்பதையும் மறைக்காமற் சொல்கிறார். 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே, வறுமையினாற் படையிற் சேரப்போகும் இளைஞன் ஒருவனை அவர் சந்திக்கிறார். அவனை வாழ்த்தியதோடு நிற்கவில்லை. வேலை செய்ய முடியாத முதிய அடிமைகளை, விடுதலை என்ற பெயரில் எசமானர்கள் பசிக்குத் துரத்திவிடும் வழக்கத்தைச் சொல்லி, முதிய போர்வீரரை அவ்வாறு நடத்தலாகாது என்கிறார்.

நேயர்களே, இந்த இடத்திலேதான் செர்வாண்டிஸின் நெஞ்சம் எனக்குத் தெரிகிறது. 'என் வாழ்நாள் முழுவதையும் தருகிறேன்' என்று ஓர் இளைஞன் சொல்வது ஒரு நாளிற் சொல்லி முடிகின்ற வார்த்தை. அந்த வாழ்நாளிலே அவனுடைய முதுமையும், ஊனமும், வெறுங்கையும் அடங்கும். அவனை ஏற்றுக்கொண்ட அரசு இவற்றையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. இளமையை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிகுதியைத் தெருவிலே விட்டுவிட எந்த அரசுக்கும் உரிமையில்லை. செயலிழந்த ஒரு கையோடு வாழ்ந்து, மறு கையால் எழுதிய மனிதர் சொன்னது இது.