நாலாயிரம் ரூபாய்க் கூரை

(பைக்காராவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

இலங்கைத் தோட்டங்களில் இளமையை இழந்து, இந்த நீலமலையில் மீண்டும் கொழுந்துக் கூடை சுமந்த பெரியோர்களே!

பைக்காராவில் விழும் நீர் 1932 முதல் மின்சாரமாகிக் கோவை ஆலைகளைச் சுழற்றியது. மலையின் ஆற்றல் சமவெளிக்குச் செல்லக் கம்பி இழுத்தார்கள். கண்டிச் சீமையில் உழைத்தவன் தன் காசைக் கடல் கடந்து கொண்டுவர என்ன கம்பி இழுத்தார்கள்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். 1949-இல் வாக்கும் பறிபோயிற்று. பிறந்த மண்ணில் குடியுரிமை வேண்டி விண்ணப்பம் போட்டான் தொழிலாளி, பெரும்பாலானவை தள்ளுபடி! இந்திய அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து குடிமகனாகலாம் என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் அங்கே உரிமை கேட்டு நிற்பவன் இங்கே பதிந்துகொண்டால், அங்கே கேட்கும் வாய் அடைபடுமே! லயத்தில் வாழ்ந்தவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

வாக்கில்லாதவனைப் பற்றி, அவனைக் கேளாமலே பேசினார்கள். 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பமிட்டனர். 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவன்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், தோழர்களே!

அந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றி ஒரு வாசகம் உண்டு. புறப்படுகிறவர்கள் சேமநிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்தையும் கொண்டு செல்லலாம் என்கிறது முதல் வரி. அடுத்த வரி என்ன சொல்கிறது? ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது! எல்லாம் உன்னுடையது என்று வலக்கை கொடுத்ததை, உச்சவரம்பு உண்டு என்று இடக்கை வாங்கிக்கொண்டது. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த நாள் முதல் சேர்த்த சேமநிதிக்கு எவனோ கூரை போட்டான். கூரைக்கு மேலே நீளும் உழைப்பு என்ன ஆவது?

பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிலை இதினும் கொடிது. 1963-இல் வங்கிகள் அரசுடைமை. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை. கப்பலேறியவர்களில் பலர் கைவீசி வந்தனர்.

இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி பிறந்தது. கூடலூரும் பந்தலூரும் வந்தவர்களுக்கு வேலை தந்தன. வேலை வேறு, விட்டுவந்த காசு வேறு.

இன்று இக்கூட்டத்தில் உள்ளோரின் பேரப்பிள்ளைகள் துபாயிலும் தோகாவிலும் உழைக்கிறார்கள். சட்டமும் மாறியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போனவன் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது; வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றவேண்டும். இங்குள்ள வருவாய்க்கு என்.ஆர்.ஓ. கணக்கு. அதிலிருந்து ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு வருமான வரி கிடையாது. நாலாயிரம் எங்கே, பத்து இலட்சம் டாலர் எங்கே! அன்னியச் செலாவணி வேண்டும் என்றவுடன் அரசுகளுக்குக் கதவு திறக்கத் தெரிகிறது.

ஆனால் வாக்கு? 2010-இல் சட்டம் திருத்தி, வெளிநாட்டிலுள்ள குடிமகனுக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் தந்தனர். பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு நேரில் வரவேண்டுமாம்! பாலைவனத்தில் கம்பி கட்டுகிறவன் ஒரு வாக்குக்காக விமானம் ஏறுவானா? பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதாவை 2018 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. 2019-இல் அது காலாவதியாயிற்று. பணம் வருவதற்கு வாசல் இரண்டு; வாக்கு வருவதற்குச் சாளரமும் இல்லை.

ஆகவே தோழர்களே, வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். ஊரிலுள்ள நிலத்துக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினால் தூதரகத்தில் ஒப்பமிடட்டும்; அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். 6-ஏ படிவத்தை நிரப்பி வாக்காளர் பட்டியலில் பெயரையும் ஏற்றச் சொல்லுங்கள். பெயர் ஏறட்டும், அங்கிருந்தே வாக்களிக்கும் உரிமைக்காக நாடாளுமன்றத்தில் வாதாடும்போது, எத்தனை பேருக்காக என்று கேட்பார்கள்.